ஃபார்வர்டாகி வரும் ஆபீஸ் மெயில்களை ரூல் போட்டுப் பிரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

காலையில் இன்பாக்ஸைத் திறந்தால் படிக்காதவை 140 என்று காட்டும். அதில் எனக்கென்றே யாராவது உட்கார்ந்து எழுதியது ஆறோ ஏழோ இருக்கும். மீதி எல்லாம் வேறு எங்கோ போய், அங்கிருந்து தானாக என் பக்கம் தள்ளிவிடப்பட்டவை. சப்போர்ட் முகவரிக்கு வந்த வாடிக்கையாளர் கேள்விகள், விடுப்பில் இருக்கும் சக ஊழியரின் பெட்டிக்கு வந்தவை, இன்னும் மூடாமல் வைத்திருக்கும் பழைய அலுவலக முகவரிக்கு வருபவை, ராத்திரி முழுக்க சர்வர் புலம்பித் தள்ளிய எச்சரிக்கைகள். எல்லாம் ஒரே வரிசையில், ஒரே தடித்த எழுத்தில்.

இவற்றைப் பிரிக்க ரூல், அதாவது "இப்படிப்பட்ட மெயில் வந்தால் இதைச் செய்" என்ற கட்டளை போடலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஜிமெயிலில் அதன் பெயர் ஃபில்டர், அவுட்லுக்கில் ரூல், வேலை ஒன்றுதான். ஆனால் ஃபார்வர்டான மெயில்களுக்குப் போடும் ரூல்கள் பாதி நேரம் பிடிக்க வேண்டியதை விட்டுவிட்டு, விட வேண்டியதைப் பிடித்துக்கொள்கின்றன. ரூல் போடும்போது "யார் அனுப்பியது" என்று பார்க்கும் பழக்கம் நமக்கு. சப்போர்ட் முகவரிக்கு நாளைக்கு யார் எழுதப்போகிறார் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்? இங்கே பார்க்க வேண்டியது, மெயில் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதை. கீழே சொல்வதெல்லாம் அந்த வாசலைக் கண்டுபிடிக்கிற வேலைதான்.

## எந்த ரகம் ஃபார்வர்ட் என்று முதலில் பாருங்கள்

ஃபார்வர்ட் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று வேறு வேறு காரியங்கள் நடக்கின்றன. எது நடக்கிறது என்று தெரியாமல் ரூல் எழுதினால் கண்ணைக் கட்டிக்கொண்டு பூட்டுக்குச் சாவி தேடுவது மாதிரி.

முதல் ரகம், மெயில்பெட்டியின் செட்டிங்ஸிலேயே "வருவதையெல்லாம் இந்த முகவரிக்கு அனுப்பு" என்று போட்டுவைப்பது. ஜிமெயிலின் தானியங்கி ஃபார்வர்டிங் இப்படித்தான். அவுட்லுக் ரூலில் உள்ள "ரீடைரக்ட்" என்ற செயலும் இதே குடும்பம். இதில் அனுப்பியவர் பெயர் அப்படியே இருக்கும், சப்ஜெக்ட் மாறாது. "டூ" வரியில் பழைய முகவரிதான் நிற்கும். உங்கள் முகவரி அங்கே இருக்காது. இந்த ரகம் வாய்த்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரூல் எழுதுவது மிகவும் சுலபம்.

இரண்டாவது, அவுட்லுக் ரூலில் "ஃபார்வர்ட் டூ" என்று தேர்ந்தெடுப்பது. இதில் சக ஊழியரே கையால் ஃபார்வர்ட் செய்தது போல மெயில் வரும். அனுப்பியவர் என்ற இடத்தில் அவர் பெயர், சப்ஜெக்டின் முன்னால் எஃப்டபிள்யூ (ஃபார்வர்ட் என்பதன் சுருக்கம்) என்ற ஒட்டு, உண்மையில் எழுதியவரின் முகவரி மெயிலின் உடலுக்குள் சாதாரண எழுத்தாகப் புதைந்து கிடக்கும்.

மூன்றாவது, இணைப்பாக ஃபார்வர்ட் செய்வது. மூல மெயில் ஒரு கோப்பாக உள்ளே உட்கார்ந்திருக்கும். வெளியே இருந்து பார்க்கும் ரூலுக்கு அந்தக் கோப்புக்குள் எழுதியவர் யார் என்று தெரியாது. இப்படி வருகிறது என்றால் ரூலோடு மல்லுக்கட்டாமல், அனுப்பும் பக்கத்தில் உள்ளவரிடம் "இதை ரீடைரக்டாக மாற்றிவிடுங்களேன்" என்று கேட்டுவிடுவதே மேல். ஐந்து நிமிட வேலை.

குழு முகவரி, அதாவது ஒரு முகவரிக்கு அனுப்பினால் பத்துப் பேருக்குப் போவது, ஃபார்வர்டிங்கின் பங்காளி. பல குழுச் சேவைகள் "லிஸ்ட்-ஐடி" என்ற அடையாளத்தை மெயிலின் ஹெடரில் சேர்த்தே அனுப்பும். 2001ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு தரம் வகுத்துவிட்டார்கள். அது இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

## ஒரு மெயிலைப் பிரித்துப் பார்ப்பது

ரூல் எழுதும் பக்கத்தைத் திறப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வாசலிலிருந்தும் வந்த மெயிலில் மூன்றை எடுத்து அவற்றின் ஹெடரைப் பாருங்கள். ஹெடர் என்பது தபால் உறை மேல் விழும் முத்திரைகள் மாதிரி. வழியில் யார் யார் கை பட்டது என்பது அதில் இருக்கும்.

ஜிமெயிலில் மெயிலைத் திறந்து, வலப்பக்க மூன்று புள்ளியை அழுத்தி "ஷோ ஒரிஜினல்". தண்டர்பேர்டில் கன்ட்ரோல், யூ. பழைய அவுட்லுக் செயலியில் மெயிலைத் தனிச் சாளரத்தில் திறந்து ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ் என்று போனால் அடியில் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும். இணைய அவுட்லுக்கில் மூன்று புள்ளிக்குள் "வியூ" என்பதன் கீழே தேடுங்கள்.

பார்த்ததும் மலைப்பாக இருக்கும். நாற்பது ஐம்பது வரி, பாதி புரியாத குறியீடு. பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியது நாலைந்து வரிதான். ஜிமெயிலின் தானியங்கி ஃபார்வர்டில் வந்த ஒரு மெயிலில் நான் பார்ப்பது இவை:

ஃப்ரம்: எழுதிய வாடிக்கையாளர்
டூ: சப்போர்ட் முகவரி
டெலிவர்டு-டூ: என் முகவரி
எக்ஸ்-ஃபார்வர்டட்-டூ: என் முகவரி
எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்: சப்போர்ட் முகவரி, அடுத்து என் முகவரி

கடைசி இரண்டு வரிகளும் ஃபார்வர்ட் செய்த ஜிமெயில் தானே குத்திய முத்திரை. யாருக்கு வந்தது, யாருக்குத் தள்ளப்பட்டது என்ற கதை அதில் முடிந்துவிடுகிறது. அவுட்லுக்கில் ரீடைரக்ட் ஆனதில் "ரீசென்ட்-ஃப்ரம்" என்ற வரி கிடைக்கும். "ரிசீவ்டு" என்று தொடங்கும் வரிகள் நிறைய இருக்கும். அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும், அடியில் இருப்பதுதான் பயணத்தின் தொடக்கம்.

ஒரே வாசலில் வந்த மூன்று மெயிலிலும் மாறாமல் நிற்கும் வரி எது? அதைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் ரூலின் நிபந்தனை. மூன்று ஏன் என்றால், ஒன்றை மட்டும் பார்த்தால் தற்செயலாக அமைந்ததை விதி என்று நினைத்துவிடுவோம். மூன்றில் ஒன்று, சப்போர்ட் முகவரியைப் பிசிசியில் (மற்றவர் கண்ணுக்குத் தெரியாத பெறுபவர் வரியில்) வைத்து யாராவது அனுப்பியதாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் "டூ" வரியில் சப்போர்ட் முகவரி இருக்காது. "டூ" வரியை மட்டும் நம்பிப் போட்ட ரூல் எங்கே கோட்டை விடும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

## வாசலுக்கு ஒரு பெயர் வைக்கலாம்

ஃபார்வர்டை அமைப்பது உங்கள் கையிலேயே இருந்தால் இன்னொரு நல்ல வழி உண்டு: கூட்டல் குறி முகவரி. உங்கள் பயனர் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி, அதன் பின் ஏதாவது ஒரு சொல், அப்புறம் வழக்கமான அட் குறியும் மீதியும். இப்படி எழுதினாலும் மெயில் உங்கள் பெட்டிக்கே வந்து சேரும். ஜிமெயிலில் இது வெகுகாலமாக உண்டு. அலுவலகங்கள் பயன்படுத்தும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனிலும் 2022 முதல் இயல்பாகவே இயங்குகிறது.

சப்போர்ட் பெட்டியிலிருந்து வருவதற்குக் கூட்டல் குறியுடன் "சப்போர்ட்", பழைய அலுவலகப் பெட்டிக்கு "பழசு", சர்வர் எச்சரிக்கைகளுக்கு "சர்வர்" என்று ஆங்கில எழுத்தில் சின்னப் பெயராக வைத்துக்கொள்ளலாம். சர்வர் எச்சரிக்கைக்கு இது பிரமாதமாகப் பொருந்தும். கருவியின் செட்டிங்ஸில் பெறுபவர் முகவரியையே அப்படிக் கொடுத்துவிட்டால் "டூ" வரியிலேயே வாசலின் பெயர் வந்து நிற்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். முதல் ரகம் ஃபார்வர்டில் "டூ" வரி மாறாது என்று பார்த்தோம் அல்லவா? அங்கே கூட்டல் குறி முகவரி அந்த வரியில் தெரியாது. ஹெடரில் உள்ள டெலிவர்டு-டூ போன்ற வரிகளில்தான் தேட வேண்டும்.

## ஜிமெயிலில் படிப்படியாக

கணினியில் உலாவி வழியாகச் செய்யுங்கள். கைபேசிச் செயலியில் ஃபில்டர் உருவாக்க முடியாது. ஒருமுறை உருவாக்கிவிட்டால் சர்வரிலேயே ஓடும், கைபேசியிலும் பலன் தெரியும்.

1. முதலில் தேடல் பெட்டியில் உங்கள் நிபந்தனையைத் தேடலாகவே போட்டுப் பாருங்கள். முதல் ரகம் என்றால் ஆங்கிலத்தில் "டூ", முக்காற்புள்ளி, சப்போர்ட் முகவரி. இடைவெளி விடக் கூடாது. எந்த முகவரியில் வந்து இறங்கியது என்று தேட "டெலிவர்டுடூ" என்ற சொல்லைச் சேர்த்து எழுதி, முக்காற்புள்ளி, முகவரி. குழு மெயிலுக்கு "லிஸ்ட்", முக்காற்புள்ளி, குழு முகவரி.

2. வந்த முடிவுகளில் இரண்டு பக்கமாவது கீழே இறங்கிப் பாருங்கள். வரக் கூடாதது வந்திருக்கிறதா, வர வேண்டியது விட்டுப்போயிருக்கிறதா? இந்தப் படியைத் தாண்டுபவர்கள்தான் பிறகு "ஜிமெயில் மெயிலைத் தின்றுவிட்டது" என்கிறார்கள்.

3. திருப்தியானால் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள சின்னக் குறியை அழுத்துங்கள். விரியும் படிவத்தின் அடியில் "கிரியேட் ஃபில்டர்" இருக்கும்.

4. "அப்ளை த லேபிள்" என்பதைத் தேர்ந்து புதிய லேபிள் உருவாக்குங்கள். "ஃபார்வர்ட்" என்று ஒரு தாய் லேபிள், அதன் கீழே சப்போர்ட், பழசு, சர்வர் என்று குழந்தைகள். இப்படி அடுக்கினால் இடப்பக்கப் பட்டியல் குப்பையாகாது.

5. "ஸ்கிப் த இன்பாக்ஸ்" என்பதை இப்போது தொடாதீர்கள். முதல் ஒரு வாரம் லேபிள் மட்டும் ஒட்டட்டும், மெயில் இன்பாக்ஸிலேயே இருக்கட்டும். லேபிள் சரியான மெயில்களில்தான் ஒட்டுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு அதைப் போய் டிக் செய்யலாம்.

6. "நெவர் செண்ட் இட் டூ ஸ்பேம்" என்பதை ஃபார்வர்டுக்கு எப்போதுமே யோசியுங்கள். ஏன் என்று கீழே தனியாகச் சொல்கிறேன்.

7. ஏற்கெனவே வந்து குவிந்தவற்றுக்கும் லேபிள் வேண்டுமென்றால் "ஆல்சோ அப்ளை ஃபில்டர்" என்ற பெட்டியையும் டிக் செய்து முடியுங்கள்.

ஜிமெயிலுக்குச் சில குணங்கள் உண்டு. அது சொல்லின் துண்டைப் பிடிக்காது. முழுச் சொல்லாகத்தான் தேடும். சதுர அடைப்பு, நட்சத்திரக் குறி போன்றவற்றைக் கண்டுகொள்ளாது. ஆகவே சப்ஜெக்டில் சதுர அடைப்புக்குள் "அலர்ட்" என்று வந்தால், அடைப்போடு தேடினாலும் அடைப்பில்லாமல் தேடினாலும் அதற்கு ஒன்றுதான். "இன்றைய அலர்ட் கூட்டம்" என்ற மெயிலும் சேர்ந்து மாட்டும். எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் போன்ற ஹெடர் வரிகளை நேரடியாக நிபந்தனையாக வைக்கவும் ஜிமெயில் ஃபில்டரில் வழியில்லை. டூ, டெலிவர்டுடூ, லிஸ்ட் இவற்றை வைத்தே சமாளிக்க வேண்டும். பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

இன்னொன்று, ஜிமெயிலில் ஃபில்டர்களுக்கு முன்பின் வரிசை கிடையாது. பொருந்துகிற எல்லா ஃபில்டரும் வேலை செய்யும். ஒரே மெயிலில் மூன்று லேபிள் ஒட்டுவது சாதாரணம். "இது பொருந்தினால் அடுத்ததைப் பார்க்காதே" என்று சொல்ல முடியாததால், விலக்குகளை நிபந்தனைக்குள்ளேயே கழித்தல் குறி போட்டு எழுத வேண்டும். சப்போர்ட் மெயில்தான், ஆனால் முதலாளி எழுதியது வேண்டாம் என்றால், கழித்தல் குறி, ஒட்டியபடி "ஃப்ரம்", முக்காற்புள்ளி, முதலாளி முகவரி.

## அவுட்லுக்கில்

இங்கே நிலைமை தலைகீழ். வரிசைதான் எல்லாம்.

செட்டிங்ஸ், மெயில், ரூல்ஸ், "ஆட் நியூ ரூல்". முதலில் பெயர் கேட்கும். "ரூல் 1" என்று வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து முழிக்காமல், "சப்போர்ட் பெட்டியிலிருந்து – சப்போர்ட் ஃபோல்டருக்கு" என்று பார்த்தவுடன் புரிகிற மாதிரி வைக்கவும். அடுத்து நிபந்தனை. முதல் ரகம் ஃபார்வர்டுக்கு "ரெசிபியன்ட் அட்ரஸ் இன்குளூட்ஸ்" என்பதைத் தேர்ந்து சப்போர்ட் முகவரியைக் கொடுங்கள். பிசிசி, ரீடைரக்ட் மாதிரி சிக்கல் இருந்தால் "மெசேஜ் ஹெடர் இன்குளூட்ஸ்". ஜிமெயிலில் கிடைக்காத வசதி இது. ஹெடரில் மூன்று மெயிலிலும் மாறாமல் நின்ற துண்டை அப்படியே எடுத்து இங்கே ஒட்டிவிடலாம்.

இரண்டாவது ரகம், சக ஊழியர் பெயரில் எஃப்டபிள்யூ ஒட்டோடு வருவது. இங்கே இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து இருக்க வேண்டும்: அனுப்பியவர் அந்த ஊழியர், சப்ஜெக்டில் எஃப்டபிள்யூ. அவர் பெயரை மட்டும் வைத்தால் "மதியம் பேசலாமா" என்று அவர் உங்களுக்கு நேராக எழுதியதும் உள்ளே போய்விடும். எஃப்டபிள்யூவை மட்டும் வைத்தால் உலகத்தில் யார் எதை ஃபார்வர்ட் செய்தாலும் மாட்டும். இரண்டையும் வைத்த பிறகும், அவர் கையால் ஃபார்வர்ட் செய்வதற்கும் தானாக வருவதற்கும் வித்தியாசம் தெரியாது. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். இல்லையென்றால் அவரை ரீடைரக்டுக்கு மாறச் சொல்ல வேண்டும்.

செயல் என்ற இடத்தில் "மூவ் டூ". அதன் பின் பலர் தாண்டிப்போகிற ஒரு பகுதி: "ஆட் அன் எக்ஸெப்ஷன்". அதில் "ஐ ஆம் ஆன் த டூ லைன்" என்பதைச் சேருங்கள். சப்போர்ட் முகவரியையும் உங்களையும் சேர்த்து ஒருவர் எழுதினால், அவர் உங்களிடம் நேராகவும் ஏதோ சொல்ல வருகிறார் என்றுதான் பொருள். அந்த மெயில் இன்பாக்ஸிலேயே நிற்கட்டும். இந்த ஒரு விலக்கு எனக்குத் தவிர்த்துத் தந்த தலைவலிகள் ஏராளம்.

அடியில் "ஸ்டாப் ப்ராசஸிங் மோர் ரூல்ஸ்" என்ற டிக் இருக்கும். இது இருந்தால் இந்த ரூல் பொருந்திய மெயிலை அடுத்த ரூல்கள் தொடாது. ஆகவே குறுகிய, துல்லியமான ரூல்கள் மேலே, அகலமானவை கீழே. என் வரிசை இது: முக்கியமான ஆட்களை இன்பாக்ஸிலேயே நிறுத்தும் ரூல் முதலில், அடுத்து சர்வர் எச்சரிக்கை, அடுத்து சப்போர்ட், பழைய முகவரி, எல்லாவற்றுக்கும் கடைசியில் சக ஊழியரின் எஃப்டபிள்யூ. பக்கத்திலுள்ள அம்புக்குறிகளால் மேலே கீழே நகர்த்தலாம். பழையவற்றுக்கும் ஓட்ட "ரன் ரூல் நவ்".

பழைய அவுட்லுக் செயலியில் ரூல் போட்டால், சில ரூல்களின் பெயருக்குப் பக்கத்தில் "கிளையன்ட்-ஒன்லி" என்று வரும். அந்தக் கணினியில் அவுட்லுக் திறந்திருந்தால் மட்டுமே அது ஓடும் என்று அர்த்தம். ஒலி எழுப்பு, கணினியில் உள்ள ஃபோல்டருக்கு நகர்த்து போன்ற செயல்களைச் சேர்த்தால் இப்படி ஆகும். ஃபார்வர்ட் மெயில்களுக்கு இது உதவாது. ராத்திரி மடிக்கணினியை மூடிவைத்தால் காலையில் கைபேசியில் எல்லாம் கலந்தே கிடக்கும்.

## மற்ற செயலிகள், சுருக்கமாக

தண்டர்பேர்டில் டூல்ஸ், மெசேஜ் ஃபில்டர்ஸ். நிபந்தனைப் பட்டியலின் அடியில் "கஸ்டமைஸ்" என்று இருக்கும். அதில் எந்த ஹெடரின் பெயரையும் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். மேக் கணினியின் ஆப்பிள் மெயிலிலும் "எடிட் ஹெடர் லிஸ்ட்" என்று அதே வசதி உண்டு. இரண்டும் கணினியில் ஓடுபவை, செயலி திறந்திருக்க வேண்டும். ஃபாஸ்ட்மெயில், ப்ரோட்டான் மெயில் போன்றவற்றில் சீவ் என்ற சின்ன மொழியில் ரூல் எழுதலாம். அந்தப் பெயருக்குச் சல்லடை என்று அர்த்தம், பொருத்தமான பெயர்தான். நிரல் எழுதப் பழகியவர்களுக்கு அதைவிடச் சுகமான வழி இல்லை.

## என் ரூல் மெயில்களை விழுங்கிய கதை

சர்வர் எச்சரிக்கைகளுக்காக ஒரு காலத்தில் சோம்பல்பட்டு ஒரு ரூல் போட்டேன்: மெயிலின் உடலில் "எச்சரிக்கை" என்பதற்கான ஆங்கிலச் சொல் இருந்தால் சர்வர் ஃபோல்டருக்கு நகர்த்து, படித்ததாகக் குறி. நன்றாகத்தான் ஓடியது, மூன்று மாதம்.

ஒரு நாள் நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் ஐடி பிரிவு ஒரு புது ஏற்பாடு செய்தது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு மெயிலின் தலையிலும் தானாக ஒரு மஞ்சள் பட்டை: "எச்சரிக்கை: இது நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வந்தது". அதே ஆங்கிலச் சொல். அன்றிலிருந்து வாடிக்கையாளர்கள் எழுதிய அத்தனையும் சர்வர் ஃபோல்டருக்குள், அதுவும் படித்த மெயிலாக. எனக்கோ வேலை ரொம்ப அமைதியாகப் போவதாகத் தோன்றியது. ஒன்பதாவது நாள் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "மூணு மெயில் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்லையே" என்றபோதுதான் விழித்தேன்.

அன்றைக்குப் பிடித்த பழக்கம் இரண்டு. மெயிலின் உடலில் சொல் தேடும் நிபந்தனையை வேறு வழியே இல்லாவிட்டால்தான் பயன்படுத்துகிறேன். நகர்த்துவதையும் படித்ததாகக் குறிப்பதையும் ஒரே ரூலில் சேர்ப்பதில்லை. நகர்ந்த மெயில் படிக்காததாக இருந்தால் ஃபோல்டர் பெயருக்குப் பக்கத்தில் எண் ஏறிக்கொண்டே போகும். 3 இருக்க வேண்டிய இடத்தில் 57 என்று தெரிந்தால் கண்ணில் படாமல் இருக்காது.

## ஃபார்வர்ட் மெயில் ஏன் ஸ்பேமுக்குப் போகிறது

ரூல் சரியாக இருந்தும் மெயில் வரவில்லை என்றால் ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள். காரணம் ஃபார்வர்டிங்கின் பிறவிக் குணம்.

மெயில் சர்வர்கள், வந்த மெயில் உண்மையில் அந்த நிறுவனத்திடமிருந்துதானா என்று சரிபார்க்க எஸ்பிஎஃப் என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. "எங்கள் பெயரில் மெயில் அனுப்ப இந்த இந்த சர்வர்களுக்குத்தான் அனுமதி" என்று ஒவ்வொரு டொமைனும் (முகவரியில் அட் குறிக்குப் பின்னால் வரும் பெயர்) ஒரு பட்டியல் வைத்திருக்கும். வாடிக்கையாளரின் மெயிலை உங்கள் சப்போர்ட் பெட்டி தள்ளிவிடும்போது, வாடிக்கையாளர் பெயரில் உங்கள் சப்போர்ட் சர்வர் அனுப்புவது போல ஆகிறது. அது பட்டியலில் இல்லை. சோதனையில் தோல்வி.

இதைக் காப்பாற்றுவது டிகிம் என்ற மின்கையொப்பம். அது மெயிலோடு பயணிப்பதால் எத்தனை கை மாறினாலும் செல்லும். ஆனால் ஒரு நிபந்தனை, கையொப்பம் இட்ட பகுதியை வழியில் யாரும் தொடக் கூடாது. சப்ஜெக்டில் "வெளி மெயில்" என்று ஒட்டுவது, அடியில் சட்ட வாசகம் சேர்ப்பது, மேலே சொன்ன மஞ்சள் பட்டை, எதுவானாலும் கையொப்பம் உடைந்துவிடும். இரண்டும் போனால் ஸ்பேம், அல்லது திருப்பி அனுப்பல்தான். இப்படி வழியில் நடக்கும் கை மாற்றங்களைப் பதிவு செய்துகொண்டே போக 2019இல் ஆர்க் என்ற முறை வந்தது. பெரிய சேவைகள் அதைப் பார்க்கின்றன, எல்லோரும் பார்ப்பதாகச் சொல்ல முடியாது.

ஷோ ஒரிஜினல் பக்கத்தின் தலையிலேயே எஸ்பிஎஃப், டிகிம், இவ்விரண்டின் முடிவையும் "ஃப்ரம்" முகவரியோடு ஒப்பிடும் டிமார்க் மூன்றுக்கும் தேர்ச்சியா தோல்வியா என்று ஜிமெயில் போட்டிருக்கும். டிகிம் தோல்வி என்றால் வழியில் யாரோ மெயிலைத் திருத்துகிறார்கள். ஐடி பிரிவிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது, அந்த வாசலுக்கான ஃபில்டரில் ஸ்பேமுக்கு அனுப்பாதே என்பதை டிக் செய்வது. அதில் ஒரு விலையும் உண்டு: சப்போர்ட் முகவரிக்கு வரும் உண்மையான ஸ்பேமும் அந்த லேபிளில் வந்து விழும். அந்த லேபிளில் உள்ள இணைப்புகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு அழுத்துங்கள்.

## பதில் எழுதும்போது கவனிக்க வேண்டியவை

பிரித்து முடித்ததும் வேலை முடிந்ததென்று நினைக்கிறோம். பதில் போடும்போதுதான் அடுத்தது தொடங்கும். முதல் ரகத்தில் பதில் நேராக எழுதியவருக்குப் போகும், ஆனால் உங்கள் சொந்த முகவரியிலிருந்து. வாடிக்கையாளருக்கு அது யார் என்றே தெரியாது. ஜிமெயிலில் அக்கவுண்ட்ஸ் பக்கத்தில் "செண்ட் மெயில் ஆஸ்" என்பதில் சப்போர்ட் முகவரியைச் சேர்த்து, "எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில்" என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது ரகத்தில் கூத்து வேறு. பதில் பொத்தானை அழுத்தினால் விடுப்பில் இருக்கும் சக ஊழியருக்குப் போகும். அவருடைய பெட்டியில் தானாக ஃபார்வர்ட் செய்யும் ரூல் இருக்கிறதே, அது அந்தப் பதிலை உங்களுக்கே திருப்பி அனுப்பும். நீங்கள் எழுதியதை நீங்களே எஃப்டபிள்யூ ஒட்டோடு பெறுவீர்கள். வாடிக்கையாளருக்கு ஒன்றும் போயிருக்காது. உடலுக்குள் கிடக்கும் முகவரியைக் கையால் எடுத்து "டூ" வரியில் போட வேண்டும், வேறு வழியில்லை.

இரண்டு பெட்டிகள் ஒன்றுக்கொன்று ஃபார்வர்ட் செய்துகொள்ளும்படி மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். ரிசீவ்டு வரிகளை எண்ணிப் பார்த்து சுற்றலைக் கண்டுபிடித்து நிறுத்தும் வழி சர்வர்களிடம் உண்டு. ஆனால் மெயில் தரத்தின்படி அந்த எண்ணிக்கை வரம்பு 100 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். நிற்பதற்குள் எவ்வளவு சுற்றும் என்று யோசித்துப் பாருங்கள்.

## அனுமதியும் பாதுகாப்பும்

அலுவலக மெயிலை வெளியே உள்ள சொந்தக் கணக்குக்குத் தள்ளப் போகிறீர்கள் என்றால் முதலில் கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் 365இல் வெளி முகவரிக்குத் தானியங்கி ஃபார்வர்ட் இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கும். மீறிப் போட்டால் 5.7.520 என்ற எண்ணோடு மெயில் திரும்பி வரும். அந்த எண்ணைப் பார்த்தால் ரூலில் பிழை தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நிர்வாகி திறந்துவிட்டால்தான் போகும்.

இந்தத் தடை வெறும் கெடுபிடி இல்லை. கணக்கில் புகுந்த திருடர்கள் சத்தமில்லாமல் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று ஃபார்வர்ட் ரூல் போடுவது. கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் ரூல் ஓடிக்கொண்டே இருக்கும். "இன்வாய்ஸ்", "பேமென்ட்" போன்ற சொற்கள் உள்ள மெயில்களை யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் (இணையதளச் செய்தி ஓடை) ஃபோல்டருக்கு நகர்த்திவைப்பதும் அவர்களுடைய பழக்கம். ஆகவே ரூல் பக்கத்தைத் திறந்ததும், நீங்கள் போடாத ரூல் ஏதும் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். பெயரே இல்லாமல் ஒற்றைப் புள்ளியோடு ஒன்று இருந்தால் உடனே ஐடி பிரிவுக்குச் சொல்லுங்கள்.

## சோதனையும் பராமரிப்பும்

சோதனைக்கு, தொடர்பே இல்லாத மூன்றாவது கணக்கிலிருந்து ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு மெயில் அனுப்புங்கள். சொந்தக் கணக்கிலிருந்தே அனுப்பிச் சோதித்தால் ஜிமெயில் அதை ஏற்கெனவே நீங்கள் அனுப்பியதாகக் கருதி இன்பாக்ஸில் காட்டாமல் விடக்கூடும்; ஃபார்வர்டே கெட்டுவிட்டது என்று ஏமாறுவீர்கள். "டூ"வில் ஒன்று, பிசிசியில் ஒன்று, உங்களையும் சேர்த்து ஒன்று என வாசலுக்கு மூன்று போதும். எந்தெந்த லேபிளில் விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை ரூல் பட்டியலைத் திறந்து, கடந்த மாதம் ஒரு மெயிலைக்கூடப் பிடிக்காத ரூலை எடுத்துவிடுகிறேன். ஜிமெயிலில் ஃபில்டர்களைக் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்துவைக்கலாம். பெரிய மாற்றம் செய்வதற்கு முன் அதை ஒருமுறை செய்துகொள்வது நல்லது. எண்ணிக்கையைப் பொறுத்தவரை, பத்துக்கு மேல் போனால் எது எதைப் பிடிக்கிறது என்று எனக்கே நினைவில் நிற்பதில்லை.

விடுப்பில் போனவருக்காகப் போட்ட ரூலுக்கு மட்டும் அவுட்லுக்கில் பெயரிலேயே தேதி சேர்க்கிறேன்: "12ஆம் தேதி திரும்புகிறார் – நீக்கு". ஜிமெயிலில் ஃபில்டருக்குப் பெயர் கிடையாது, அங்கே அதே வாசகத்தை லேபிளின் பெயராக வைக்கிறேன். அவர் திரும்பும் நாளன்று முதல் வேலையாக அவருடைய பெட்டியின் ஃபார்வர்டை நிறுத்தச் சொல்லி, அது நின்றதைச் சோதனை மெயிலில் உறுதி செய்து, அதன் பிறகே என் பக்க ரூலை எடுக்கிறேன். முறை மாற்றிச் செய்தால், இடைப்பட்ட அரை நாளில் அவருடைய மெயில் அத்தனையும் என் இன்பாக்ஸில் கொட்டும்.